பன்னிரண்டாவது ரிசீவர்

காலை ஆறு மணி பத்து நிமிடம். தக்கலைக்கு மேற்கே ஒரு தென்னை விளைக்குள் இருந்த ஓட்டு வீட்டு முற்றத்தில், துணி காயப்போடும் கொடியில் பதினொரு கறுப்புத் தொலைபேசி ரிசீவர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் நடுவில் சணல் கட்டி, ஒரே உயரத்தில் மாட்டப்பட்டிருந்தது. வரிசையின் கடைசியில் ஒரு சட்டையும் ஒரு பாவாடையும். ரிசீவர்களிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டியது.

எண்ணுவது எனக்குத் தொழில் பழக்கம். குறிப்பேட்டில் 11 என்று எழுதி வட்டம் போட்டேன்.

உள்ளிருந்து வந்தவருக்கு எழுபதை ஒட்டிய வயது. மடித்துக் கட்டிய கைலி, முழங்கை வரை நுரை.

“பழைய போன் சேகரிக்கிற சார் நீங்கதானா?” என்று கேட்டேன்.

“சேக்கியது நான்தான். சார் இல்ல. ஸ்கூல்ல லேப் அட்டெண்டர்.”

ஊரில் அவரை எல்லோரும் லேப் சார் என்றுதான் அழைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் திருத்தினார். திருத்திவிட்டுத்தான் அடுத்த பேச்சு. மிஷன் பள்ளி ஒன்றின் இயற்பியல் கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கண்ணாடிக் குடுவையும் காந்தமும் துடைத்து வைத்தவர். ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆன பிறகும் அவரிடம் அந்தக் கூடத்தின் ஒழுங்கு இருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்வார். கேட்காததைச் சொல்லமாட்டார்.

“ஏன் கழுவிக் காயப்போடுறீங்க?”

“பூப்பு பிடிக்கும், பூசணம். மழைக்காலம்லா.”

“வெயில்ல கிடந்தா கெட்டுப்போகாதா?”

“போவும். வெயில் ஏறதுக்கு மின்ன எடுத்துருவேன்.”

வீட்டுக்குள் ஒரு சுவர் முழுக்கத் தட்டு. அதில் டயல் சுற்றுகிற கறுப்புப் பெட்டிகள், தொலைபேசியின் உடல்கள். கீழ்த்தட்டில் தீப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத் தாள் ஒட்டி எழுதியிருந்தது. ‘கொக்கி ஸ்பிரிங்.’ ‘மணிக்கிண்ணம் ஆணி.’ ‘டயல் விரல்தடுப்பு, இரண்டு நல்லது, ஒன்று வளைந்தது.’ வளைந்ததையும் எழுதி வைத்திருந்த மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மேசை மேல் ஒரு சிலேட்டு இருந்தது. சாக்குக்கட்டி எடுத்து அதில், ‘பேப்பர்காரர் வந்திருக்கு. சாயா ரெண்டு’ என்று எழுதி, அடுக்களை வாசலில் நின்ற மனைவியிடம் காட்டினார். அந்த அம்மாள் சேலை முந்தானையைத் தலையில் போட்டிருந்தார். வாசித்துவிட்டு உள்ளே போனார். சாயா கொண்டுவந்தபோது நான் நலம் விசாரித்தேன். சிரித்தார். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். சிலேட்டில் எழுதிப் பேசிக்கொள்வதை, ஒரு தம்பதியின் சுவையான பழக்கம் என்று குறித்துக்கொண்டேன்.

அதே மேசையில் இன்னொரு கறுப்புத் தொலைபேசி, பின்னல் துணி விரித்து அதன் மேல் வைத்திருந்தது. அதிலிருந்து கம்பி சுவருக்குப் போனது. அது வீட்டுப் புழக்கத்துக்கு உள்ளது என்று நினைத்து எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. அவர் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். பத்திரிகையில் பிழை வந்தால் திருத்தம் போடுவது வழக்கம். அன்று நான் எழுதியதற்குத் திருத்தம் போடவில்லை. போடுகிற மாதிரியான பிழையாக அது இருக்கவில்லை.

அன்று நான் கேட்காமல் விட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாளுக்குக் காது கேட்காது. ஐம்பது வயதுக்குப் பிறகு படிப்படியாகக் குறைந்து, இடது காதில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முந்தானைக்குள் ஒரு காது மெஷின். அவர்களுக்கு ஒரே மகள், அயர்லாந்தில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் பேசுவாள்.

முன்பு வீட்டில் ஒரு கறுப்புத் தொலைபேசி இருந்தது. பழுதானபோது அதைக் கொடுத்துவிட்டுப் பட்டன் வைத்த புதுசு ஒன்று வாங்கினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மகள் பேசுவது அம்மாளுக்குக் கேட்கவில்லை. காது இன்னும் மோசமாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய லேப் சட்டம். ஒரே வாரத்தில் காதும் மாறி போனும் மாறியிருந்தால் எது காரணம் என்று எப்படித் தெரியும்? பள்ளிச் சாமான் அறையில் கிடந்த ஒரு கறுப்பு போனை இரவல் வாங்கிவந்து மாட்டினார். அம்மாளுக்குக் கேட்டது.

அவர் கண்டுபிடித்தது இதுதான். காது மெஷினில் ஒரு சின்னப் பித்தான் உண்டு. அதைக் கீழே தள்ளினால் வெளிச்சத்தம் நின்றுவிடும், ரிசீவருக்குள் இருக்கிற காந்தச் சுருளின் துடிப்பை மட்டும் மெஷின் பிடிக்கும். பழைய ரிசீவரின் காதுப்பக்க மூடியைத் திருகினால் உள்ளே பிஸ்கட் அளவில் ஒரு வட்டமான உலோகப் பெட்டி இருக்கும். கேட்கும் வேலையைச் செய்வது அது. அவர் அதை வில்லை என்பார். அதிலுள்ள காந்தம் பெரியது, மெஷினுக்கு எட்டும். புது போன்களில் இருப்பது மிகச் சிறியது, எட்டாது.

மகள் விலை கூடிய புது மெஷின் ஒன்று அனுப்பினாள். செல்போனோடு நேராகச் சேர்கிற வகை. அம்மாள் இரண்டு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்துவிட்டார்.

“அதுல வார்த்த கேக்கும்ண்ணு சொன்னா,” என்று அவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். “பிள்ளைக்க சத்தம் கேக்கல்லியாம். யாரோ ஒருத்தி வாசிக்க மாதிரி இருக்காம்.”

வில்லைக்குள் ஒரு மெல்லிய தகடு உண்டு. நம் ஊர் ஈரத்துக்கு அது துருப்பிடிக்கும். ஒரு வில்லை இரண்டு மழைக்காலம் தாங்கும் என்பது அவர் கணக்கு. அதனால்தான் மாவட்டம் முழுக்க அலைந்து பழைய போன்களைச் சேர்த்தார். மற்ற பாகங்களும் கெடுமே என்று முழு போனாகவே வாங்கினார். கொடியில் தொங்கிய பதினொரு ரிசீவர்களின் வில்லைகளும் கழற்றப்பட்டு, தாளில் பொதிந்து, ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன.

“பதினொண்ணு இருந்தா இருவது வருசம் ஓடும். அவளுக்கு இப்பம் அறுவத்தாறு,” என்றார். அதற்கு மேல் கணக்குப் போடவில்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று காலை நான் அறிந்ததெல்லாம், பழைய போன்கள் மேல் பிரியம் வைத்த ஒரு மனிதர், ஞாயிறு இணைப்புக்கு முக்கால் பக்கம்.

அவரோடு களியக்காவிளைக்கும் ஒரு நாள் போனேன். ஆக்கர் கடை என்று அங்கே சொல்லும் பழைய சாமான் கடை. அவர் சட்டைப் பையில் எப்போதும் பள்ளிக்கூடத்துத் திசைகாட்டி ஒன்று இருக்கும், கண்ணாடி மூடி போட்ட சின்ன வட்டம். குவியலில் கிடந்த ரிசீவர் ஒவ்வொன்றையும் எடுத்து, அதன் காதுப்பக்கத்தைத் திசைகாட்டியை நோக்கி மெல்ல நகர்த்துவார். நாலு விரல் தூரத்தில் முள் திரும்பினால் எடுத்துக்கொள்வார். பக்கத்தில் வந்த பிறகு திரும்பினால் திரும்ப வைத்துவிடுவார்.

கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். “சாரே, முள்ள வச்சி பாக்குதியளே, இரிடியமா?”

“சார் இல்ல, அட்டெண்டர். இரிடியம் இல்ல.”

“கிடைச்சா நமக்கும் ஒரு பங்கு உண்டும், கேட்டியளா.”

“கிடைக்காது.”

“அதுக்குள்ள சொல்லிட்டியளே. கிடைக்கப்போவுதுண்ணு தெரிஞ்சுட்டு.” கடையில் நின்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கிடைக்காது என்று இன்னொரு தடவை, அந்த மூவரும் கேட்கும்படி சொன்னார்.

அந்தக் காட்சி எனக்குப் பிடித்துப்போயிற்று. கட்டுரையில் மூன்று வாக்கியமாக எழுதினேன். ரிசீவரின் அருகே காந்த முள்ளைக் காட்டுகிறார். முள் திரும்பினால் எடுத்துக்கொள்கிறார், இல்லாவிட்டால் வைத்துவிடுகிறார். காரணத்தைக் கேட்டால் சிரிக்கிறார்.

முதல் இரண்டும் நான் பார்த்தது. மூன்றாவது நான் எழுதியது. காரணத்தை நான் கேட்கவேயில்லை. பத்தி முடிய ஒரு வரி வேண்டியிருந்தது.

கட்டுரை வந்த மறுநாள் அவர் நாகர்கோவிலில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மடித்த பத்திரிகை. பாராட்ட வந்திருக்கிறார் என்று நாற்காலி எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“பதினொண்ணுண்ணு போட்டிருக்கு. பன்னெண்டு. ஒண்ணு மேச மேல இருந்துச்சு.”

“அது வீட்டு போன்னு விட்டுட்டேன்.”

“அதுவும் ரிசீவர்தானே.”

“வேற பிழை ஏதாவது?”

அவர் பத்திரிகையை விரித்து மறுபடி பார்த்தார். அந்த மூன்றாவது வாக்கியத்தில் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. “நான் சிரிச்சது ஓர்ம இல்ல,” என்றார். நான் மேசை மேல் கிடந்த தாள்களை அடுக்கினேன். ஒருவேளை சிரித்திருக்கலாம் என்கிற மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் சந்தேகப்பட்டது தன்னுடைய ஞாபகத்தைத்தான்.

நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோபுரக் கலசத்துக்குள் கோடி ரூபாய் இரிடியம், பழைய ரேடியோவுக்குள் சிவப்புப் பாதரசம் என்று சாயாக்கடையில் நம்பிப் பேசுகிறவர்கள் இங்கே எப்போதும் உண்டு. முள் திரும்புகிற கறுப்பு போனுக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது, லேபில் வேலை பார்த்த ஒருவருக்கு அது தெரியும், காரணத்தைக் கேட்டால் சிரிக்கிறார். இவ்வளவு போதுமாக இருந்தது.

மூன்றாவது வாரம் கோட்டாறில் ஒரு பழைய சாமான் கடைக்காரர் என்னைத் தெருவில் மறித்தார். எனக்கு முன்பே பழக்கமானவர்.

“நீங்க எழுதினது நல்லா கொள்ளாம் சாரே. எனக்க கடையில ஒரு ரிசீவர் மிச்சமில்ல. பாதி வாங்கிட்டுப் போனானுவ, பாதிய இங்கயே ஒடச்சுப் பாத்தானுவ. உள்ள என்னதான் இருக்கு? எங்கிட்டயாவது சொல்லப்பிடாதா?”

“ஒண்ணும் இல்ல.”

“அவரும் அப்படித்தான் சொன்னாரு, இந்தா இப்பம் வந்து தேடிட்டுப் போறாரு. வீட்ல இருந்ததையும் எவனோ ஒடச்சுட்டானாம். பாவமாட்டு இருந்துச்சு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மணி ஒன்று ஐம்பது. கொடியில் துணி மட்டும் காய்ந்தது. முற்றத்து ஓரத்தில் துவைக்கிற கல். அதன் மேலும் கீழும் நசுங்கிய உலோகத் தகடுகள், செம்புக் கம்பி, காந்தத் துண்டுகள். அவர் அவற்றைக் கூட்டி ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தாரே தவிர, அள்ளிப் போடவில்லை.

என்ன நடந்தது என்று கேட்டேன். சொன்னார். இரண்டு வாரத்துக்கு முன், ஞாயிறு காலை இருவரும் ஆராதனைக்குப் போயிருந்தபோது பின்கதவைத் திறந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். பிஸ்கட் டின்னை எடுத்துக் கல்லில் வைத்து ஒவ்வொரு வில்லையாக உடைத்திருக்கிறார்கள். பணமோ பாத்திரமோ எடுக்கவில்லை. கடைசியில் மேசை மேல் இருந்த போனின் மூடியைத் திருகி அதிலிருந்ததையும் எடுத்திருக்கிறார்கள்.

“மூடிய ஒடைக்கல்ல. திருகித் திறந்து, திரும்ப மாட்டியும் வச்சிருந்தானுவ,” என்றார். அதையும் சொல்லிவிட வேண்டும் என்பதுபோலச் சொன்னார்.

அப்போதுதான் கேட்டேன், அந்த வில்லைகள் எதற்கு என்று. மேலே எழுதியிருப்பதெல்லாம் அவர் அப்போது சொன்னது. பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

“இத முதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே தம்பி,” என்றார். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இரண்டு மணிக்கு மேசைத் தொலைபேசி மணி அடித்தது. அவர் மனைவியின் தோளைத் தொட்டார். அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை ஒதுக்கி, மெஷினின் பித்தானைக் கீழே தள்ளிவிட்டு ரிசீவரை எடுத்தார். காதுப்பக்கம் காலி. வாய்ப்பக்கம் சரியாக இருந்தது. அம்மாள் பேசுவது அங்கே மகளுக்குக் கேட்கும், மகள் பேசுவது இங்கே வராது.

“மக்கா, நான்தான். சாப்பிட்டியா? இங்க மழ விடல்ல. பக்கத்து வீட்ல பிள்ளைக்கு நிச்சயம் முடிஞ்சு. அப்பா கடைக் கடையா தேடிக்கிட்டுத்தான் இருக்காரு.”

மகள் பதிலைச் செல்போனில் எழுதி அனுப்பினாள். அவர் அதைப் பார்த்துச் சிலேட்டில் எழுதினார். அம்மாள் வாசித்துவிட்டு ரிசீவரில் பதில் சொன்னார். வீடியோவில் பேசினால் முகமாவது தெரியுமே என்றேன். அதில் தினமும் பேசுகிறார்கள் என்றார். “வாய் அசையது தெரியும். ஞாயித்துக்கிழமை இதுலதான் பேசணும்ண்ணு அவளுக்கு.”

அம்மாள் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கணவரிடம், காது கேளாதவர்கள் பேசுகிற உயர்ந்த குரலில், “இவரு எழுதினதுனாலதானே வந்தானுவ?” என்றார்.

அவர் சிலேட்டைத் துடைத்தார். சாக்குக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. ‘ஆமா. தெரியாம’ என்று எழுதிக் காட்டினார்.

அதன் பிறகு கிடைத்த விடுமுறை நாளெல்லாம் என் பைக்கில் அவரை ஏற்றிக்கொண்டு சுற்றினேன். கோட்டாறில் நான்கு கடை, களியக்காவிளையில் கேரள எல்லையைத் தாண்டி இரண்டு கடை. எங்கேயும் கழுத்து முறிந்த ரிசீவர்கள்தான் இருந்தன. களியக்காவிளைக் கடைக்காரர் தனியே என்னைக் கூப்பிட்டு, “அண்ணைக்கு நான் சும்மா களியாக்கிச் சிரிச்சேன். இரிடியம்ண்ணு நானும் பத்துப் பேருக்கிட்ட சொல்லிட்டேன்,” என்றார். அட்டெண்டர் காதில் அது விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. குவியலின் அடியில் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் கறுப்பு போன் இருப்பதாகத் தகவல் வந்தது. போனோம். மேலாளர் அறைச் சுவரில் இருந்தது. அங்கிருந்து ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் கொட்டகைக்கு ஒரு தனிக் கம்பி. அங்கே ஒன்று, இங்கே ஒன்று. வெளி உலகத்தோடு தொடர்பில்லாத போன். மேலாளர் தாராளமான மனிதர், சாயா வரவழைத்தார். அட்டெண்டர் சுவரருகே போய்த் திசைகாட்டியை நீட்டினார். ஐந்து விரல் தூரத்திலேயே முள் திரும்பியது.

“என்ன வேணும் உங்களுக்கு?” என்று கேட்டார் மேலாளர்.

“பழுதான போன் ஏதாவது கெடந்தா பாக்கலாம்ண்ணு வந்தோம்.”

“பழுதானது இல்லியே. இது ரெண்டும் ஓடுது. மழையில இங்க செல்போன் எடுக்காது, இதுதான் கொட்டகைக்கு.”

“செரி,” என்றார் அவர், சாயாவைக் குடித்து முடித்து எழுந்தார். நான் வாயைத் திறந்தேன். என் முழங்கையைப் பிடித்தார். அவ்வளவு இறுக்கமாக அவர் என்னைப் பிடித்தது அந்த ஒரு தடவைதான்.

வெளியே வந்து, ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கும்போது கேட்டேன். “காரணத்தைச் சொல்லியிருந்தா அவர் தந்திருப்பார்.”

“தந்திருப்பாரு.”

“பிறகென்ன?”

“காரணம் சொன்னா அவரு தராம இருக்க முடியாது. பொறவு அந்தக் கொட்டகையில ராத்திரி தீ பிடிச்சா யாரக் கூப்பிடுவான்?” கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “அவரு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்,” என்றார். பைக்கில் ஏறும்போது திசைகாட்டியைத் திறந்து பார்த்தார். சும்மா, வடக்கு எங்கே என்று பார்ப்பதுபோல. மூடிப் பையில் வைத்தார்.

அவர் யாரிடமும் எதற்கும் காரணம் சொல்லிக் கேட்டதில்லை என்பது எனக்கு அந்த இறக்கத்தில்தான் பிடிபட்டது. மனைவியின் காதைச் சொல்லியிருந்தால் கோட்டாறு கடைக்காரர்கள் விலை குறைத்திருப்பார்கள், களியக்காவிளையில் இலவசமாகவே தந்திருப்பார்கள். யாரும் சிரித்திருக்கவும் மாட்டார்கள். அவர் பழைய போன் பைத்தியம் என்கிற பேரை வாங்கிக்கொண்டு, கேட்ட விலையைக் கொடுத்து வந்திருக்கிறார்.

ஏழு மாதம் அப்படிப் போயிற்று. இதற்கிடையே மேசைத் தொலைபேசியின் கம்பியையும் மாற்றிவிட்டார்கள், புது வகைக் கேபிள் வந்தது. இனி அதில் டயல் சுற்றி யாரையும் கூப்பிட முடியாது, வருகிற அழைப்பை எடுக்கலாம் என்று இணைப்புக்கு வந்த ஆள் சொன்னார். அது போதும் என்றார் அவர்.

எட்டாவது மாதம் எங்கள் அலுவலகத்துக்கு வெள்ளையடித்தார்கள். பழைய கோப்புகளை இறக்கியபோது அலமாரியின் அடித்தட்டில், ஒரு தேர்தல் பிரிவுக் கட்டின் பின்னால், கறுப்புத் தொலைபேசி ஒன்று இருந்தது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் அதில்தான் திருநெல்வேலி அச்சகத்துக்குச் செய்தி வாசிப்போம். நான் வாரத்தில் ஆறு நாள் உட்காருகிற நாற்காலிக்கு எட்டடி தூரம். ரிசீவரின் மூடியைத் திருகினேன். வில்லை உள்ளே இருந்தது, துருவில்லாமல்.

அன்று சனிக்கிழமை. சாயங்காலமே அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கே இருந்தது என்று கேட்டார். சொன்னேன். திசைகாட்டியை மேசையில் வைத்து, வில்லையைத் தூரத்திலிருந்து மெல்ல நகர்த்தினார். நாலரை விரல். இன்னொரு தடவை நகர்த்தினார். நாலரை விரல். ஒரு தீப்பெட்டியில் தாள் ஒட்டி, ‘நல்லது’ என்று எழுதி, வில்லையை அதற்குள் வைத்தார். ஒரு நாளைக்குத்தானே, இப்போதே மாட்டிவிடலாமே என்றேன்.

“மழ ஈரம். நாளைக்கு ரெண்டு மணிக்கு அஞ்சு நிமிசம் இருக்கும்போ மாட்டலாம்.”

மறுநாள் நான் போனபோது அம்மாள் ஆராதனைக்கு உடுத்திய வெள்ளைச் சேலையோடு மேசை முன் உட்கார்ந்திருந்தார். சிலேட்டைக் காணவில்லை. எடுத்து உள்ளே வைத்துவிட்டார்களாம், இன்றைக்கு வேண்டாம் என்று. அவர் வில்லையைப் பொருத்தி மூடியைத் திருகினார். மகளுக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதே மணி அடித்தது. அவர் மனைவியின் தோளைத் தொட்டார்.

அம்மாள் பித்தானைக் கீழே தள்ளினார். நான் பார்த்தேன், அது கடைசிவரை கீழே போயிருந்தது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

பழைய ரிசீவர்களில் சத்தம் கொஞ்சம் வெளியே கசியும். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு மகளின் குரல் கேட்டது. மெல்லிய குரல், ஆனால் வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

“அம்மா, கேக்குதா?”

அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். ரிசீவரைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார், கொஞ்சம் கீழே. பிறகு முகம் மலர்ந்து சொன்னார்: “கேக்குது மக்கா. நல்லா கேக்குது.”

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“முட்டு வேதன எப்படி இருக்கு? எண்ண போட்டியளா?” என்றாள் மகள்.

“இங்க மழ விட்டுட்டு,” என்றார் அம்மாள்.

மகள் மறுபடி கேட்டாள். “அம்மா, டாக்டருட்ட போனியளா?”

“அப்பா சொகமாட்டு இருக்காரு. பேப்பர்காரத் தம்பியும் வந்திருக்கு. அதுதான் கொண்டுவந்து தந்துச்சு. எவ்வளவு அலஞ்சாரு தெரியுமா அப்பா, இதுக்காட்டு? எல்லாம் நல்லா கேக்குது மக்கா. உனக்க சத்தம் அப்படியே இருக்கு.”

எட்டு மாதமாக அந்தக் காதைச் சோதிக்க வீட்டில் எதுவும் இருக்கவில்லை. அதற்குள் மிச்சம் இருந்ததும் போயிருந்தது. எப்போது போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

அம்மாள் இன்னும் நாலைந்து வாக்கியம் பேசினார். பிறகு கணவரைப் பார்த்துச் சிரித்து, ரிசீவரை நீட்டினார். “நல்லா இருக்கு. நீங்களும் பேசுங்க.”

அவர் வாங்கிக் காதில் வைத்தார்.

“அப்பா,” என்றாள் மகள். “அம்மாக்குக் கேக்குதா?”

அவர் மனைவியைப் பார்த்தார். அம்மாள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேக்குது,” என்றார்.

மகள் வேறு ஏதோ சொன்னாள். அவர் செரி, செரி என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு ரிசீவரைக் கீழே வைத்தார். மேசையில் அதன் பக்கத்தில் திசைகாட்டி கிடந்தது. முள் வடக்கை விட்டு ரிசீவரின் பக்கம் திரும்பி நின்றது.